ஜாம் பாட்டிலில் கொஞ்சம் சேறு

பாட்டிலை மேசைமேல் டொக்கென்று வைத்த பிறகுதான் வெர்னா டக்கன் வாயைத் திறப்பார். பிளம் ஜாம் பாட்டில்தான், ஆனால் உள்ளே இருப்பது சேறு. பெல்லோ க்ரீக் ஊர் ஹாலை ஒட்டிக் கிடக்கும் பள்ளத்திலிருந்து அன்று காலையில் அள்ளியது. மேலே ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். பூக்கிழங்கு வாங்க வருகிற மற்றவர்கள் தங்கள் தோட்டத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வருவார்கள். வெர்னா மண்ணையே கொண்டுவந்துவிடுவார்.

"இந்தா, இதப் பாரு. மூடியத் தொறந்து மோந்தும் பாரு. இதுல எது பொழைக்கும்னு சொல்லு. அட்டையில எழுதியிருக்கறத எனக்குப் படிச்சுக் காட்டாத, எனக்கும் கண்ணு இருக்கு."

அட்டை என்றாலே அந்தம்மாவுக்கு ஆகாது. உலகத்தின் இந்தத் தென்கோடியில் கோடை முடிந்து மார்ச் மாதம் பிறந்தால், ஹோபார்ட் சாலையிலுள்ள செடிக்கடைகளில் கிழங்குகளை வலைப்பைகளில் போட்டுத் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு பையிலும் பளபளவென்று ஒரு பூவின் படம், அதன் கீழே 'எல்லா மண்ணுக்கும் ஏற்றது' என்று ஒரு வரி. இந்த ஒரு வரியை நம்பி வெர்னா வாங்கிய ட்யூலிப் கிழங்குகள் ஜூலைக் குளிரில் தோண்டிப் பார்த்தபோது வேகவைத்த வெங்காயம்போலக் கொழகொழத்துக் கிடந்தன. வேறொருவராக இருந்தால் குழியை மூடிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். வெர்னா அத்தனையையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு பஸ் ஏறிப் போய், கடையின் கல்லாமேல் கொட்டினார். கல்லாவில் நின்ற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "ஈரம் ஜாஸ்தி போலிருக்கே மேடம். மண்ண மாத்திப் பாருங்களேன்" என்றார்.

"மண்ண மாத்தறதா? வந்த விருந்தாளிக்குப் பிடிக்கலன்னு வீட்ட இடிக்கச் சொல்லுவ போலிருக்கே. ஈரம்னா என்ன, வியாதியா?"

நியாயமான கேள்விதான். தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ரேடியோவில் பேசுகிறவர், புத்தகம் எழுதுகிறவர், செடி விற்கிறவர், எல்லாருக்கும் முதல் வார்த்தை 'நல்ல வடிகால் வேண்டும்' என்பதுதான். வடிகால் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? வீட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டுக்குக் குடிபோவார்களா? ரேடியோவில் அந்த வார்த்தை வந்த உடனே வெர்னா எழுந்துபோய் நிறுத்திவிடுவார். நிறுத்துவதற்கு முன்னால் ரேடியோவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவும் தவறுவதில்லை.

பெல்லோ க்ரீக்கில் மேடு, பள்ளம் என்பதற்கு வேறு அர்த்தமும் உண்டு. மேட்டில் ஆப்பிள் தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டி கட்டியவர்கள் பள்ளத்தில் இருக்கிறார்கள். மேட்டில் ரோஜாவும் லாவெண்டரும் கேட்காமலேயே வளரும். பள்ளத்தில் குளிர்காலம் முழுக்க ரப்பர் பூட்ஸ் போடாமல் துணி உலர்த்தக்கூடப் போக முடியாது. வெர்னா பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் பண்ணிக்கொண்டது, கணவரைப் புதைத்துவிட்டு வந்தது எல்லாம் பள்ளத்தில்தான். எழுபது வயதைத் தாண்டியும் அந்தப் பச்சை பூட்ஸ் காலிலிருந்து இறங்கவில்லை.

பேக்கிங் ஷெட்டில் பழம் பிரிக்கிற வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. கை மட்டும் இன்னும் வேலையை விடவில்லை. எந்தப் பொருள் கையில் கிடைத்தாலும் ஒரு கால் சுற்று திருப்பிப் பார்ப்பார். நல்லது வலது பக்கம் போகும், கழிவு இடது பக்கம் போகும். டீயோடு வைக்கிற ஸ்கோன் ரொட்டி, ஓட்டலில் கொடுக்கிற கரண்டி, கொண்டாட்டங்களில் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சாக்லெட், எதுவும் தப்பாது. சர்ச் வாசலில் புதுப் பாதிரியாரோடு கை குலுக்கும்போது அவருடைய கையையும் லேசாகத் திருப்பிப் பார்த்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவரை எந்தப் பக்கம் வைத்தார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

கிழங்கு வாங்குவதும் இதே கைதான். கிழங்கின் அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்துவார். அமுங்கினால் இடது பக்கம். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். பார்வைக்குப் பெரிதாக இருந்து கனம் இல்லையென்றால் இடது பக்கம். மூக்கருகே கொண்டுபோவார். பூசண வாடை வந்தால் இடது பக்கம் மட்டும் போதாது, கடைக்காரரின் முகத்துக்கு நேராக ஒருமுறை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் இடது பக்கம் வைப்பார். ஈர மண்ணுக்கு எது ஆகும், எது ஆகாது என்பதைப் பற்றி வெர்னாவிடம் தனியாக ஒரு கணக்கு உண்டு.

"ட்யூலிப்பா? அது மேட்டுக்காரி, கால் நனைஞ்சா உயிர விட்டுடும். ஹயசிந்த் கையும் அரிக்கும், பொழைக்கவும் பொழைக்காது. டேஃபடில் பொழைக்கும், ஆனா தயவு பண்ற மாதிரி பொழைக்கும். அந்த வெள்ளத் தொங்கட்டான் பூ இருக்கே, அது தங்கம். ஆனா சும்மா வளருதுன்னு எல்லாரும் வேலிக்கு வெளிய தூக்கி எறியறாங்க. சும்மா வளர்றதுக்கு இந்த ஊர்ல என்னிக்கு மரியாத இருந்திருக்கு?"

வெர்னாவின் மனசுக்குப் பிடித்தது பாம்புத்தலைப் பூ. ஒரு முழம்கூட உயராத தண்டு, அதில் தலைகுனிந்து தொங்கும் ஒற்றை மணி, அந்த மணி முழுக்க ஊதாவும் வெளிறிய ஊதாவுமாகச் சதுரங்கக் கட்டம். பெயரைக் கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். நிஜப் பாம்பே ஓடைக்கரையில் திரிகிற ஊர் இது. ஆனால் நனைந்த புல்வெளிதான் அந்தப் பூவுக்குச் சொந்த வீடு. கிழங்குக்கு மேல்தோல் கிடையாது, உரித்த பூண்டுப் பல்போல இருக்கும், காற்று பட்டால் வற்றிவிடும். அதனால் வலைப்பையில் தொங்குகிற பாம்புத்தலையை வெர்னா தொடவே மாட்டார். ஈர மரத்தூளில் புதைத்து எடுத்துவருகிற ஒரே ஆள் டிர்க் போஸ்மா. வடக்குக் கரையில் கிழங்கு பயிர் செய்கிறவர், ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். வருஷம் தவறாமல் மார்ச் மாதச் சந்தைக்கு வேனில் வந்து, ஊர் ஹாலில் மேசை போடுவார்.

ஊரில் சண்டை மூண்டதற்குக் காரணம் அந்த ஹாலுக்குப் பக்கத்துப் பள்ளம். ஹாலுக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு துண்டு நிலம், கோடை தவிர எந்நேரமும் நசநசவென்று இருக்கும், தவளை கத்தும். குளிர்காலத்தில் அங்கே நிறுத்துகிற கார்கள் அரை டயர் புதைந்துவிடும். ஒருமுறை சவ வண்டியே சிக்கிக்கொண்டு, துக்கத்துக்கு வந்தவர்கள் கறுப்பு உடுப்போடு பின்னால் நின்று தள்ளினார்கள். ஹால் கமிட்டித் தலைவர் லின்ட்சே பைபஸ் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார், சரளைக்கல் கொட்டி மேடாக்கிவிடலாம் என்று. லின்ட்சே மேட்டுக்காரர், ஊரிலேயே பெரிய தோட்டமும் ஆப்பிள் வைக்கிற குளிர் குடோனும் அவருடையவைதான். வெர்னாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர். பள்ளத்தை மூடக் கூடாது, அங்கே பூ போடலாம் என்று கமிட்டியில் வெர்னா ஒற்றை ஆளாக நின்றார். கடைசியில் லின்ட்சே ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்.

"அக்டோபர்ல பூ காட்டு. நான் வாயத் தொறக்கல. வரலன்னா சரளைக்கல்."

போன மார்ச்சில் வெர்னா டிர்க்கிடம் ஒரு பெட்டி நிறையப் பாம்புத்தலை வாங்கினார். கோடைக்குப் பிறகு ஓடையோர விளிம்பைத் தவிர மற்ற சேறெல்லாம் பாறையாக இறுகிக் கிடந்ததால் மழைக்குக் காத்திருந்து, ஏப்ரல் கடைசியில் முட்டி போட்டு ஒவ்வொன்றாக நட்டார். செப்டம்பரில் வசந்தம் பிறந்ததும் இலை வந்தது. மெல்லிய, சாம்பல் பச்சை இலை, பார்க்க ஆரோக்கியமாகவே இருந்தது. அக்டோபரிலும் இலைதான். நவம்பரிலும் இலைதான். ஒரு மொட்டு கிடையாது. சர்ச் விட்டு வருகிறவர்கள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "பாவம் வெர்னா" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பாவம் என்கிற வார்த்தைதான் எலும்பு வரைக்கும் எரிந்தது.

ஊர் மண்ணைக் குற்றம் சொன்னது. வெர்னா டிர்க்கைக் குற்றம் சொன்னார். தபால் நிலையத்தில் சொன்னார், ரொட்டிக் கடையில் சொன்னார், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்தபடியே சொன்னார். "செத்த கிழங்க என் தலையில கட்டிட்டான் அந்தப் பய. அடுத்த மார்ச்சுல வரட்டும், நாலு பேருக்கு முன்னாடி ஒத்துக்க வெக்கறேன்."

அந்த மார்ச்சும் வந்தது. சனிக்கிழமை, ஹாலில் பூக்கிழங்குச் சந்தை. சந்தை முடிந்த கையோடு நாலு மணிக்குப் பின்னறையில் கமிட்டிக் கூட்டம், சரளைக்கல் விஷயத்தை முடிவு பண்ண. வெர்னா உள்ளே நுழையும்போது மற்ற மேசைகளில் எல்லாம் கூட்டம் நெரிந்தது. டிர்க்கின் மேசைக்குப் பின்னால் டிர்க் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க வெர்னா. இன்னிக்கு என் மேசைக்கு வர்ற மொத ஆளு நீங்கதான்."

"வர மாட்டாங்க. சொல்லி வெச்சிருக்கேன்."

"தெரியும். மெழுகுவத்தி விக்கற அம்மா வரைக்கும் என்கிட்ட வந்து சொல்லிட்டாங்க."

பாட்டில் மேசைமேல் இறங்கியது. "இந்த மண்ணுதான். போன வருஷமும் இதேதான் கொண்டாந்து காட்டினேன். இதுக்குப் பாம்புத்தலைதான் பொருத்தம்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். இப்பவும் அதையேதான் சொல்றேன். இந்த மண்ண விட அதுக்கு நல்ல மண்ணு கெடைக்காது."

"அப்ப பூ எங்க? இல மட்டும் ஆட்டுக்குப் போடற மாதிரி வந்து நிக்குது. நீ வித்தது பூக்கிழங்கா, புல்லுக்கட்டா?"

"அதே வயல்ல தோண்டினத மத்த ஊர்லயும் வித்தேன் வெர்னா. எல்லாருக்கும் பூத்திருக்கு."

"அதாவது மண்ணுதான் தப்புங்கற. நீயுமா? ஊரே அதத் திட்டுது, நீயும் சேந்துக்க. வாயில்லாதது, திட்டினா திருப்பிக் கேக்கவா போவுது?" வெர்னாவின் குரல் உயர்ந்துகொண்டே போனது. பக்கத்து மேசைக்காரர்கள் விலை சொல்வதை நிறுத்திவிட்டார்கள். "நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. நீ உள்ள வந்து, கிழங்கு கெட்டதுதான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. மண்ணு தப்பிச்சுக்கும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

மூச்சு வாங்கியது. எந்தச் சண்டைக்குப் பிறகும் வெர்னா ஒரு ஆப்பிள் தின்பார், கோட்டுப் பையில் எப்போதும் ஒன்று கிடக்கும். லின்ட்சே தோட்டத்துப் பழம். அதை எடுத்துச் சட்டைக் கையில் துடைக்க ஆரம்பித்தார்.

டிர்க் அந்த ஆப்பிளைப் பார்த்துவிட்டு, "வாங்கினதுக்கு அப்புறம் நடற வரைக்கும் எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

"எங்கயா? என்னைய என்னன்னு நெனச்ச? வெயில்ல போட்டு வெச்சேன்னு நெனச்சியா? ஊர்லயே ஒசந்த எடத்துல வெச்சேன். குளுகுளுன்னு, இருட்டா, எலி வராத எடம். லின்ட்சேவோட குடோன்ல. எங்க வேணாலும் வெச்சுக்கன்னான். நானே தூக்கிட்டுப் போயி, நானே எடம் பாத்து, ஜோனகோல்டு ஆப்பிள் பெட்டிங்களுக்கு நடு..."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

டிர்க் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. பழுத்த ஆப்பிள் மூச்சு விடும் என்பது வெர்னாவுக்கு யாரும் கற்றுத்தர வேண்டிய சங்கதியா? பச்சைத் தக்காளியைப் பையில் போட்டு ஒரு ஆப்பிளையும் உள்ளே வைத்துப் பழுக்க வைக்கிற ஊர் இது. ஒரே ஒரு கனிந்த பழம் பெட்டிக்குள் தெரியாமல் போய்விட்டது என்பதற்காக, வேலைக்கு வந்த எத்தனை பெண்களை வெர்னா அழ விட்டிருக்கிறார். "அதோட மூச்சு பட்டா மொத்தமும் போச்சு, தெரியாதா உனக்கு?" என்று ஷெட்டே அதிரக் கத்துவார். கிழங்குக்குள் மார்ச்சிலேயே மொட்டு உருவாகி, அரிசி நுனி அளவில் உறங்கிக்கொண்டிருக்கும். ஆப்பிள் மூச்சு அந்த மொட்டைக் கருக்கிவிடும், இலையை மட்டும் விட்டுவைக்கும். வாரக்கணக்கில், சுற்றிலும் ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவில், பத்திரமாக இருக்கட்டும் என்று வெர்னாவே தன் கையால் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" குரல் அடங்கித்தான் வந்தது, ஆனால் கோபம் அப்படியே இருந்தது.

"சொன்னேனே."

"எப்ப?"

"பெட்டியக் கையில குடுக்கறப்ப. பழத்துகிட்ட மட்டும் வெக்காதீங்கன்னு சொன்னேன். நீங்க அப்ப ஹோபார்ட் கடைக்காரன் அட்டையப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தீங்க."

"கத்திச் சொல்லியிருக்கணும்ல?"

"உங்ககிட்டயா?"

கோபம் கிளம்பிவிட்டது, போய்ச் சேரத்தான் இடமில்லை. வெர்னா லின்ட்சே நிற்கிற திசையைப் பார்த்தார். குடோன் அவனுடையது, ஆனால் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்று சொன்னது குற்றமா? ஆப்பிளைப் பார்த்தார். ஆப்பிள் என்ன செய்யும், அது மூச்சு விடாமல் இருக்குமா? பாட்டிலைப் பார்த்தார். சேறு தெளிந்து, மேலே தண்ணீர் கண்ணாடிபோல நின்றது.

டிர்க் மேசைமேல் சாய்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார். "நீங்க கேட்ட மாதிரியே பண்ணிடலாம் வெர்னா. கிழங்கு கெட்டதுன்னு உள்ள போயிச் சொல்லிடுங்க, நான் மறுக்கல. பள்ளம் உங்களுக்குக் கெடைக்கட்டும். நான் சாயங்காலம் வண்டி ஏறிப் போயிடுவேன். நீங்கதான் இவங்க நடுவுல இருக்கணும்."

"என்னப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?"

"தப்பா சொல்லல..."

"தப்பாத்தான் சொல்ற. நாலஞ்சு மாசமா ஒன்னத் திட்டினது, நீ செஞ்சேன்னு நெனச்சு. அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. இப்பத் தெரிஞ்சப்புறமும் ஒம்மேல தள்ளிட்டு வீட்டுக்குப் போயிப் படுத்தா எனக்குத் தூக்கம் வருமா? இந்த ஊர்ல ஏற்கெனவே எத்தன பேர் அப்படித் தூங்கறாங்க, நான் வேற சேரணுமா?" ஆப்பிளைக் கடிக்காமல் திரும்பக் கோட்டுப் பைக்குள் போட்டார். "பாம்புத்தலை மிச்சம் இருக்கா?"

ஒரு பெட்டி இருந்தது. டிர்க் குனிந்து எடுத்து வைத்தார். வெர்னா மரத்தூளைக் கிளறி ஒவ்வொன்றாக எடுத்து, அழுத்தி, எடை பார்த்து, மோந்து, வலது பக்கம் வைத்தார். இடது பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் டிர்க் கொஞ்சம் பயந்துபோனார்.

நாலு மணிக்குப் பின்னறையில் டீயும் ஸ்கோனும் வைத்திருந்தார்கள். வெர்னா பெட்டியை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். ஸ்கோன் தட்டு எதிரே வந்தபோது ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. கமிட்டிக்கு டீ போடுகிற மார்னி அதைக் கவனித்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் கண்ணைக் காட்டினாள்.

லின்ட்சே தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சண்டை வரும் என்று எதிர்பார்த்து நல்ல வார்த்தைகளாகத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

"வெர்னாவ யாரும் ஒரு கொற சொல்லக் கூடாது. அவ உயிரக் குடுத்துப் பாத்தா. நாம கண்ணால பாத்தோம். ஆனா அந்த மண்ணு அப்படி. அது செத்த மண்ணு, அதுல யார் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"அந்த டிர்க் வித்த கிழங்கும் சரியில்லன்னு வெர்னாவே சொல்லுச்சே" என்றது ஒரு குரல்.

"பாவம் வெர்னா" என்றாள் மார்னி.

டொக்கென்று சத்தம் கேட்டது. டீக் கோப்பைகளுக்கு நடுவே ஜாம் பாட்டில். வெர்னா எழுந்து நின்றிருந்தார்.

"மண்ணு சாகல. டிர்க் ஏமாத்தல. கிழங்க நான் ஆப்பிளோட வெச்சேன்."

வேறு எந்த ஊராக இருந்தாலும் இதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கும். இங்கே அந்த அறையிலிருந்த ஒவ்வொருவரும் ஆப்பிளில் பிறந்து ஆப்பிளில் வளர்ந்தவர்கள். முதலில் லின்ட்சேவின் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"நீயா? ஷெட்டுக்குள்ள ஆப்பிள் கடிச்சாருன்னு, மொதலாளின்னுகூடப் பாக்காம எங்கப்பாவையே வெளிய நிக்க வெச்சவ நீ."

"சிரிக்கறத நிறுத்து லின்ட்சே. நான் இன்னும் முடிக்கல." டீ போட்டுக்கொண்டிருந்தவள் பக்கம் திரும்பினார். "பாவம்னு சொன்னது யாரு, மார்னியா? நான் ஒரு பாவமும் இல்ல. தப்புப் பண்ணினவ. தப்புப் பண்ணினவளத் திட்டத் தெரியலியா உங்களுக்கு? இத்தன பேரு சேந்து நாலஞ்சு மாசமா அந்த மண்ணத் திட்டினீங்களே. செத்த மண்ணாம். குடுத்ததுல எது உயிரோட இருந்துச்சோ அத மொளைக்க வெச்சிருக்கு. இல வந்துச்சா இல்லையா? ஒரு இல கூட மஞ்சளாகல, பாத்தீங்களா? மொட்ட நான் கொன்னு குடுத்தா அது எங்கேருந்து கொண்டாரும்? அந்த டிர்க்கப் பத்தி நான் சொன்னதெல்லாம் எல்லாரும் நல்லா நம்பினீங்க. இப்ப இதையும் நம்புங்க. அவன் எனக்குச் சொன்னான், நான்தான் காதுல வாங்கல. சரளைக்கல்தான் போடணும்னா எம்மேல போட்டு மூடுங்க, அது மேல போடாதீங்க."

உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் ஸ்கோனைத் தொடவில்லை. பின்வரிசையிலிருந்து இரண்டு பெண்கள் எழுந்து, டிர்க்கின் வேன் கிளம்பிவிட்டதா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

லின்ட்சே கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட்டிலைக் கையில் எடுத்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்து தெரிந்த வெர்னா, எதற்கும் மன்னிப்புக் கேட்டு லின்ட்சே பார்த்ததில்லை. இப்போதும் கேட்கவில்லைதான். ஆனால் இவ்வளவு தூரம் வந்ததையும் பார்த்ததில்லை.

"சரி, வர்ற அக்டோபர் வரைக்கும் கல்லு வேணாம். யாருக்காவது ஆட்சேபன உண்டா?" சுற்றிலும் பார்த்தார். யாரும் கை தூக்கவில்லை. சவ வண்டியைத் தள்ளியவர்கூடத் தூக்கவில்லை. லின்ட்சே பாட்டிலைக் கவனமாகக் கீழே வைத்தார். பிறகு, பழைய பெஞ்சுக் குணம் விடவில்லை. "ஆமா வெர்னா, இந்தத் தடவ கிழங்க எங்க வெக்கப் போற? மழை வர்ற வரைக்கும் என் குடோன்லயே வெச்சுக்கயேன். எடம் தாராளமா இருக்கு."

அறை சிரித்தது. வெர்னா குனிந்து நாற்காலிக்கு அடியிலிருந்த மரத்தூள் பெட்டியை எடுத்துத் தன் வலது பக்கம், பாட்டிலை ஒட்டி வைத்தார். கோட்டுப் பைக்குள் கைவிட்டு அந்த ஆப்பிளை வெளியே எடுத்தார். நல்ல சிவப்பு, ஒரு வடு இல்லை. கை தானாக அதைக் கால் சுற்று திருப்பியது. இன்னொரு கால் சுற்றும் திருப்பினார். குறை ஒன்றும் அகப்படவில்லை. பிறகு அதை மேசையின் இடது பக்கம் வைத்து, லின்ட்சேவின் டீக் கோப்பையில் போய் முட்டுகிற வரைக்கும் ஒற்றை விரலால் தள்ளிக்கொண்டே போனார்.